ஈட்டி இறங்காத இடம்

7

திருடனுக்கும் ஒரு தொழில் நியாயம் உண்டு. கைக்கு அடங்குவதை எடுப்பான். மடிக்கு அடங்குவதை எடுப்பான். மிஞ்சிப்போனால் தோளுக்கு அடங்குவதை எடுப்பான். இரண்டு டன் இரும்பு ரோலரைத் தூக்கிக்கொண்டு போன திருடனைப் பற்றி தராசு இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"அக்கா, இந்த ஆளைப் பிடிச்சா ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது. ஒலிம்பிக்குக்கு அனுப்பணும்."

அக்கா கோல் கம்பத்துக்குப் பின்னால், புல் செத்து வெளுத்துக் கிடந்த ஓர் இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழக விளையாட்டு அரங்கத்தின் ரோலர் இத்தனை காலமாக நின்ற இடம் அது.

தராசு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக் கழுத்து தேய்ந்தவன். எதைப் பார்த்தாலும் எடை சொல்வான். பெயர் அப்படி வந்தது. அக்கா ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் பொய்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, ஒரு நாள் கம்பெனியின் பொய்யையே கண்டுபிடித்துவிட்டாள். மறுநாளிலிருந்து சொந்தமாகத் துப்பறிகிறாள்.

"மேடம், கொஞ்சம் வேகமா முடிச்சா நல்லது. நாலு மணிக்கு விழா" என்றார் எஞ்சினியர்.

அரங்கத்தின் கட்டடப் பொறுப்பு முழுக்க இந்த எஞ்சினியரிடம்தான். இஸ்திரி கலையாத சட்டை. எதற்கும் குனிந்திராத முதுகு. காலையில் வாசலிலேயே அவர்களைப் பிடித்துக்கொண்டு, அரங்கத்தின் பெருமைகளை ஒப்பித்துக் காட்டியிருந்தார். இருபதாயிரம் பேர் உட்காரும் காலரி. நீச்சல் குளம். உடற்பயிற்சிக் கூடம். பத்திரிகையாளர் மாடம். நாலு கோபுர விளக்கு. எல்லாம் உண்மைதான். நீச்சல் குளத்தில் உடைந்த நாற்காலிகள் நீந்திக்கொண்டிருந்தன. உடற்பயிற்சிக் கூடத்தின் பூட்டுதான் அங்கே இருப்பதிலேயே கட்டுமஸ்தான உடம்பு. பத்திரிகையாளர் மாடத்தில் புறாக்கள் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தன. கோபுர விளக்குகள் சிறப்பு விருந்தினர் முகத்தைப் பார்த்தால் மட்டும் எரியும்.

வரலாறு அதைவிட ஜோர். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் ஒரு கல்குவாரிப் பள்ளம். கல் உடைத்தவர்களையே கூப்பிட்டு மண் சுமக்க வைத்துப் பள்ளத்தை மூடினார்கள். மூடியதை அமுக்க ரோலர் வந்தது. அதைக் கயிறு கட்டி இழுத்ததும் அதே ஆட்கள்தான். வாசல் கல்வெட்டில் மட்டும் 'இந்நிலத்தைச் சமன் செய்தவர் முதல் துணைவேந்தர்' என்று வெட்டியிருந்தது. அந்த மனிதர் ரோலர்மேல் ஒரு கையை வைத்துப் போட்டோவுக்கு நின்றார். அந்தக் கையின் எடையில் நிலம் சமன் ஆகிவிட்டது போலிருக்கிறது.

இப்போதைய துணைவேந்தர் பொன்விழா மலருக்காகப் பழைய படங்களைப் புரட்டியபோது அந்தப் போட்டோ கண்ணில் பட்டது. உடனே ரோலர் 'பாரம்பரியச் சின்னம்' ஆனது. வாசலில் பளிங்குப் பீடம் எழும்பியது. இன்று நாலு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்து திரையை விலக்கி ரோலரைத் திறந்து வைக்க வேண்டும். பீடம் இருக்கிறது, திரை இருக்கிறது, விருந்தினர் பாதி வழியில் இருக்கிறார். ரோலர்தான் இல்லை.

திருடனையும் அவர்களே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள். மாதக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறவர். பழைய இரும்புக் கடைக்கு விற்றுவிட்டாராம். பின்வாசல் பூட்டு உடைந்திருந்ததாம். விழா முடிந்ததும் ஆளைப் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன், விசாரித்துத்தான் செய்தோம் என்று காட்ட வெளியாள் கையெழுத்து ஒன்று வேண்டும். அதற்குத்தான் அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"பின்வாசல் எங்க இருக்கு?" என்றாள் அக்கா.

எஞ்சினியர் கையைக் காட்டினார். டிராக்குக்கு அந்தப் பக்கம், காலரிக்கும் பின்னால். அக்கா அந்தப் பக்கம் நடந்தாள். மைதானத்தைச் சுற்றிச் செக்கச் சிவந்த ரப்பர் டிராக், புதிதாக வாங்கிய பெல்ட் மாதிரி பளபளத்தது. நடுவில் நின்று அதைக் குனிந்து தடவிப் பார்த்தாள்.

"மேடம், மேடம். தாண்டிப் போகலாம், டிராக்ல நிக்கக் கூடாது" என்று பதறினார் எஞ்சினியர்.

"மன்னிச்சுக்கங்க. ரொம்பக் கவனமாப் பாத்துக்கிறீங்க போல."

"பின்ன? வெளிநாட்டு ரப்பர் மேடம். போட்டு ரெண்டு வருஷம் ஆகுது, ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். வண்டி ஏறக் கூடாது, கனமான சாமான் ஏறக் கூடாது. இந்த மேடைக் கம்பிகூட ஆள் தலையில வச்சுத்தான் உள்ள வந்துச்சு. ஒரு தள்ளுவண்டி, ஒரு சைக்கிள் தாண்டினதில்ல. சுத்தி கேமரா வச்சிருக்கேன். டிராக் போட்ட நாள்லேர்ந்து கனமான ஒரு பொருள் இதைத் தாண்டலைன்னு நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்வேன்."

"ரோலர் டிராக் போடுறதுக்கு முன்னாடியே உள்ள இருந்ததா?"

"ஆமா. உள்ளயே மாட்டிக்கிச்சு. அதான் இங்க..."

எஞ்சினியர் நிறுத்திக்கொண்டார். செருப்பில் முள் ஏறியது தெரிந்தவர்போல முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது.

"போதும் சார். உங்க வேலையைப் பாருங்க. நாங்க சுத்திப் பாத்துட்டு வரோம்" என்றாள் அக்கா.

அவர் காது கேட்காத தூரம் போகும்வரை தராசு வாயை மூடிக்கொண்டிருந்தான். அது அவனுக்குச் சுலபமான வேலை இல்லை.

"அக்கா, இந்த ஆளு தன் டிராக்கைக் காப்பாத்துற வேகத்துல கிழவரைக் காப்பாத்திட்டாரே. எதுவும் தாண்டலைன்னா, ரோலர் இந்த வளையத்துக்குள்ளயேதான் கிடக்கணும்."

"கிடக்குது. எங்கன்னுதான் தெரியல."

தராசு சுற்றிப் பார்த்தான். புல்வெளி. இரண்டு கோல் கம்பம். ஒரு மணல் குழி. ஓர் ஓரமாக விழா மேடை. அதன் அடியில் கம்பி வழியே மறுபக்கம் தெரிந்தது. ஒரு கோழிக்குஞ்சு ஒளிய இடமில்லை.

"ரெண்டு டன் இரும்பு. ஒருவேளை வெக்கப்பட்டுக் கரைஞ்சு போச்சோ."

---

மைதானக்காரருக்குக் காலரிக்கு அடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மேலே இருபதாயிரம் பேர் உட்காரும் படிகள்தான் அவருக்குக் கூரை. கூரையும் படிப்படியாக இறங்கி, கடைசி மூலையில் பூனை மட்டும் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் முடிந்தது. மேலே கோல் விழுந்து ஜனங்கள் குதித்தால், கீழே இவர்கள் தட்டில் சிமெண்ட் உதிரும்.

அவர் மனைவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பாத்திரங்களைப் பழைய புடவையில் போட்டு, முழங்காலை வைத்து அமுக்கி, யார் கழுத்தையோ நெரிக்கும் கோபத்தோடு முடிச்சை இறுக்கினாள்.

"நீங்களும் பாத்துக்கங்க. உள்ள ரோலர் எதாவது வச்சுக் கட்டிட்டேனான்னு" என்றாள்.

"அந்த மூட்டை இருபது கிலோதான் அத்தை. ரோலர் இல்ல" என்றான் தராசு.

அவள் சிரிக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மாசக் கடைசியில தானாப் போயிருப்போம். அதுவரைக்கும் பொறுக்கல அவங்களுக்கு. திருடன் பெண்டாட்டின்னு சொல்லித் தள்ளினாத்தான் திருப்தி."

மைதானக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் மலர்த்தி வைத்திருந்தார். உள்ளங்கையில் ரோலர் கைப்பிடி பதிந்த தடம், தோல் செத்து மரக்கட்டை நிறத்தில் இருந்தது. தராசு தன் கழுத்தின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டான். அங்கேயும் அதே நிறம்.

"கடைசியா ரோலரை எப்பப் பாத்தீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"லீவுக்குப் போறதுக்கு முந்தி. திரும்பி வந்து பாத்தா இல்ல. எஞ்சினியர்கிட்ட ஓடினேன். 'அந்தத் துருப்பிடிச்சது போனா என்ன, உன் வேலையைப் பாரு'ன்னு விரட்டிட்டாரு. இப்ப பீடத்துல ஏத்தப் போறோம்னு வந்ததும் நான் திருடனாயிட்டேன்."

"எதுக்கு லீவு போட்டீங்க?"

"நான் எங்கம்மா போட்டேன்? அவரே கூப்பிட்டாரு. 'மகளுக்குக் குழந்தை பிறந்திருக்காமே, போய் ஒரு வாரம் இருந்துட்டு வா'ன்னாரு."

தராசு அக்காவைப் பார்த்தான். மூட்டை தூக்கிய காலத்தில் கால் எலும்பு முறிந்தவனே மேஸ்திரியிடம் லீவு வாங்க ஒரு மணி நேரம் நொண்டிக் காட்ட வேண்டும். கேட்காமல் லீவு கொடுத்த அதிகாரியை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"இது திருட்டைவிட அதிசயமா இருக்கே அக்கா."

"குழந்தை நல்லா இருக்கா?" என்று அக்கா மைதானக்காரரிடம் கேட்டாள்.

"நல்லா இருக்கு. தாத்தா திருடன்னு இன்னும் சொல்லல."

---

வெளியே காலரியின் கடைசிப் படியில் ஒரு பெண் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் ஈட்டி. மைதானத்தில் மற்ற பிள்ளைகள் விழாவில் செய்து காட்டுவதற்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் வட்டு எறிந்தான். ஒருத்தன் இரும்புக் குண்டைத் தள்ளினான். குண்டு விழுந்த இடமெல்லாம் புல்வெளியில் அம்மைத் தழும்பு.

"தங்கச்சி ஏன் ஓரமா உக்காந்திருக்கு? ஈட்டிக்குக் கால் வலியா?" என்றான் தராசு.

"தடை போட்டிருக்காங்க" என்றாள் அந்த ஈட்டிக்காரி. "புல்லு கெட்டுடுமாம்."

"யாருக்குத் தடை? எல்லாருக்குமா?"

"ஈட்டிக்கு மட்டும்."

அக்கா நின்றாள். அவள் அப்படி நின்றால் ஏதோ ஒரு கதவு திறந்துவிட்டது என்று தராசுக்குத் தெரியும்.

"குண்டு போட்டா பள்ளம் விழுது. அதுக்குத் தடை இல்லையா?" என்றாள் அக்கா.

"அதையேதான் நானும் கோச்கிட்ட கேட்டேன். 'மேலிடத்து உத்தரவு, கேள்வி கேக்காதே'ன்னாரு."

"எப்பலேர்ந்து தடை?"

ஈட்டிக்காரி ஈட்டியைத் தூக்கிக் காட்டினாள். முனை மூக்குடைந்த மாதிரி வளைந்திருந்தது. "இது வளைஞ்ச மறுநாள்லேர்ந்து. நல்லாத்தான் எறிஞ்சேன். குத்தி நிக்க வேண்டியது, டங்குன்னு சத்தம் போட்டுட்டு எகிறிக் குதிச்சுது. உள்ள பாறை இருக்குன்னு சொன்னேன். 'பாறை உன் மண்டையில இருக்கு, ஈட்டி பிடிக்கவே தெரியல'ன்னு கோச் திட்டினாரு. அப்புறம் போய் எஞ்சினியர்கிட்டயும் சொல்லியிருக்காரு. அடுத்த நாள் காலையில தடை."

"அப்ப மைதானக்காரர் ஊர்ல இருந்தாரா?"

"இல்ல. அவரு இருந்திருந்தா அப்பவே தோண்டிப் பாத்திருப்பாரு. தடை போட்ட அன்னைக்குத்தான் பேத்தியைப் பாத்துட்டுத் திரும்பி வந்தாரு."

தராசுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றது. ரோலரை மைதானத்துக்கு வெளியே கொண்டுபோக டிராக் விடவில்லை. மேலே தூக்க முடியாது. மிச்சம் இருப்பது ஒரே திசை.

"அக்கா, மனுஷன் செத்தா குழி வெட்டுவாங்க, மாடு செத்தா குழி வெட்டுவாங்க. இரும்புக்குக் குழி வெட்டினவனை இப்பத்தான் பாக்கிறேன்."

"எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"மண்ணு தள்ளுற இயந்திரமும் டிராக்கைத் தாண்டி வர முடியாது. கையாலதான் வெட்டியிருக்கணும். கீழ குவாரிக் கல்லு. ரோலர் மறைஞ்சதும் மண்வெட்டியைப் போட்டுட்டுப் போயிருப்பானுங்க. நானா இருந்தாலும் அதான் செய்வேன். மிஞ்சிப்போனா மேல ஒரு சாண் மண்ணு."

அக்கா ஈட்டிக்காரியின் பக்கம் திரும்பினாள். "நேரான ஈட்டி வேற இருக்கா? அன்னைக்கு எறிஞ்ச அதே பக்கம் எறியணும்."

---

துணைவேந்தரைக் கூப்பிட்டதும் வந்துவிட்டார். கையெழுத்து தயார் என்று நினைத்துப் பேனாவோடு வந்தார். பின்னாலேயே எஞ்சினியர். அவருக்குப் பின்னால் கோச். கடைசியாக, இரண்டு செக்யூரிட்டிகளுக்கு நடுவில் மைதானக்காரர். கொஞ்சம் தள்ளி அவர் மனைவி.

"சார், சிறப்பு விருந்தினர் வர்றதுக்கு முன்னாடி ஒரு விளையாட்டு காட்டலாம்னு" என்றாள் அக்கா.

ஈட்டிக்காரி ஈட்டியோடு ஓடத் தயாராக நிற்பதைப் பார்த்ததும் எஞ்சினியரின் இஸ்திரி கலைந்தது. "அதெல்லாம் வேணாம் சார். புல்லு..."

"ஒரு தடவைதானே" என்றார் துணைவேந்தர். விளையாட்டை நேரில் பார்த்து அவருக்கும் நாளாகியிருக்க வேண்டும்.

அவள் ஓடினாள், எறிந்தாள். ஈட்டி வளைந்து போய்ப் புல்லில் குத்தி, வால் ஆட நின்றது. அருமையான எறி. துணைவேந்தர் கை தட்டினார். எஞ்சினியர் அதைவிடப் பலமாகத் தட்டினார். ஓரத்தில் மைதானக்காரரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இடது பக்கம் கொஞ்சம் தள்ளிம்மா" என்றாள் அக்கா.

ஈட்டிக்காரி கோச்சைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பழைய திட்டு முழுதும் இருந்தது. மறுபடி ஓடினாள். இந்த முறை ஈட்டி போன வேகத்தில் இறங்கி, 'டங்' என்றது. ஈட்டி துள்ளி விழுந்தது. காலரியில் புறாக்கள் கிளம்பின.

"பாறை என் மண்டையில இல்ல சார்" என்றாள் கோச்சிடம்.

மேடைக்குக் கொண்டுவந்த மண்வெட்டியோடு தராசு போனான். புல் ஒரு பாய் மாதிரி உரிந்து வந்தது. ஒரு சாண்கூட வெட்டவில்லை; துருப்பிடித்த இரும்பு முதுகு தெரிந்தது. மைதானக்காரர் செக்யூரிட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பேச்சு வந்தது எஞ்சினியருக்குத்தான். "பாத்தீங்களா சார். நான் சொன்னேன்ல. திருடினவன் வெளிய கொண்டுபோக முடியாம இங்கயே புதைச்சு வச்சிருக்கான். ரிடையர் ஆனப்புறம் வந்து தோண்டி எடுக்கலாம்னு."

துணைவேந்தர் முகத்தில் நிம்மதி பரவியது. பெரியவர்களுக்கு உண்மை கிடைப்பதைவிட, கையில் இருக்கும் முடிவுக்கு ஏற்ற உண்மை கிடைப்பதுதான் நிம்மதி. "ஆமா, அப்படித்தான் தெரியுது" என்றார். செக்யூரிட்டிகள் மைதானக்காரரின் தோளில் கை வைத்தார்கள். கண்டுபிடித்த ரோலரே அவர்மேல் ஏறி உருண்டுவிடும் போலிருந்தது.

"சரி சார்" என்றாள் அக்கா சாவகாசமாக. "ஒரே ஒரு சந்தேகம். இது இங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாதில்ல?"

"யாருக்கும் தெரியாது" என்றார் எஞ்சினியர்.

"அப்புறம் பூமிக்குள்ள இறங்குற ஒரே சாமானை மட்டும் பாத்து எதுக்குத் தடை போட்டீங்க? குண்டு போடலாம், வட்டு போடலாம், ஈட்டி மட்டும் கூடாதுன்னு."

"அது... கோச் கேட்டுக்கிட்டாரு."

"நானா?" என்றார் கோச். "நீங்கதானே சார் மறுநாள் காலையில வீட்டு வாசலுக்கே வந்து சொன்னீங்க. பல்லு விளக்கிட்டு இருந்தேன்."

"இவரை ஊருக்கு அனுப்பினதும் நீங்கதான். ஒரு வாரம். கேக்காமலே" என்றாள் அக்கா.

எஞ்சினியர் தன் டிராக்கைப் பார்த்தார். அதில் ஒரு கீறல் இருந்திருந்தால் இன்று தப்பித்திருக்கலாம். பிறகு உடைந்தார். ஆனால் உடைந்த துண்டு யாரும் எதிர்பாராத பக்கம் போய் விழுந்தது.

"நான் என்ன சார் பண்றது? நீங்கதானே சார் அன்னைக்கு ரவுண்ட்ஸ் வந்தப்ப, 'அந்தக் குப்பை இனிமே என் கண்ணுல படக் கூடாது'ன்னு சொன்னீங்க. கிரேன் கொண்டுவரலாம்னா டிராக் கெட்டுடும். டிராக் கெட்டா என்னைத் தொலைச்சிடுவீங்க. வெளியூர் ஆளுங்களை வச்சுக் குழி வெட்டினேன். கண்ணுல படாமப் பண்ணிட்டேன். ஆறு மாசம் கழிச்சு வந்து, அதுதான் பாரம்பரியம், பீடத்துல ஏத்துன்னா? புதைச்சுட்டேன்னு எப்படி சார் சொல்றது?"

துணைவேந்தர் தன் பேனாவை மூடினார். சொன்னவருக்கு அது மறந்தே போயிருந்தது. வெட்டியவர்களுக்கு எந்த ஊரிலோ முதுகு இன்னும் வலித்துக்கொண்டிருக்கும்.

"மேடம்" என்றார் துணைவேந்தர், குரலில் திடீரென்று தேன் கலந்து. "இதெல்லாம் உள் விஷயம். வெளிய போக வேண்டியதில்லையே."

"உள் விஷயம்தான் சார். ஒரு சாண் உள்ள" என்றான் தராசு.

அக்கா அவனை அடக்கவில்லை. "ரிப்போர்ட்டை எப்படி வேணா எழுதலாம் சார். எனக்கு ஒண்ணுதான் வேணும். இவரைத் திருடன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. திருடன் இல்லைன்னு மைக்ல சொல்லணும். இன்னைக்கே, விருந்தினர் முன்னாடி."

---

சொன்னார்கள்.

ரோலரைப் பீடத்துக்குக் கொண்டுபோக வழியில்லை, டிராக் இருக்கிறதே. அதனால் சிறப்பு விருந்தினரையே குழிக்குக் கூட்டி வந்தார்கள். தோல் ஷூவோடு டிராக்கைத் தாண்டக் கூடாது என்று எஞ்சினியர் பழக்க தோஷத்தில் கையை நீட்டித் தடுத்து, பிறகு எடுத்துக்கொண்டார். குழியைச் சுற்றி ரிப்பன் கட்டி, விருந்தினர் வெட்டினார். பல்கலைக்கழகமே நடத்திய அகழாய்வில் இந்த அரிய சின்னம் வெளிப்பட்டது என்று துணைவேந்தர் பேசினார். அகழாய்வுக் குழுத் தலைவர் யார் என்று தராசு கேட்கவில்லை. எஞ்சினியர் மேடையில் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில், இந்தச் சின்னத்தை இத்தனை காலம் நேர்மையாகக் காத்தவர், இவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று மைதானக்காரரின் பெயரை மைக்கில் சொன்னார்கள். தலைப்பெழுத்தைத் தப்பாகச் சொன்னார்கள். அவர் அதைத் திருத்தவில்லை, எழுந்து நின்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஈட்டிக்காரி ஈட்டியைத் தரையில் தட்டினாள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை நீட்டினார்கள்.

"திறந்து வச்சுட்டுப் போறவங்க போங்க. போகும்போது அதுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடச் சொல்லுங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

காலரிக்கு அடியில் அவர் மனைவி மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கோபத்தில் போட்ட முடிச்சு. விரல் நகம் பெயர்ந்தது, முடிச்சு பெயரவில்லை.

"நகருங்க அத்தை. இது என் தொழில்" என்று தராசு குனிந்தான்.

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"விடுப்பா. எப்படியும் மாசக் கடைசியில கட்டத்தானே வேணும். இப்படியே கிடக்கட்டும்" என்றாள். பிறகு மூட்டையின்மேலேயே ஏறி, நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அன்னைக்கு ரிடையரானவர் பெண்டாட்டியாத் தூக்கிக்கிட்டுப் போறேன். முன்வாசல் வழியா."